வீட்டுக்குப் போக ஒரு விசா

நாலாவது செமஸ்டர் ஒருவழியா முடிஞ்சுது. விடுதியில எல்லாரும் பெட்டி கட்டறாங்க. எதிர் அறை பீகார்க்காரன் மூணு நாள் ரயில் பயணத்துக்கு முறுக்கு வாங்கி வச்சிருக்கான். பக்கத்து அறை மதுரைக்காரன் துவைக்காத துணியெல்லாம் ஒரே பையில அமுக்கிட்டு சாயங்காலமே பஸ் ஏறிட்டான். நான் மட்டும் அப்பா வாட்சப்ல அனுப்பின ஒரு அரபிக் காகிதத்தை முன்னாடி வச்சுக்கிட்டு தேதிகளைச் சரிபார்த்துக்கிட்டு இருக்கேன். லீவுக்கு வீட்டுக்குப் போக விசா பார்க்கிற ஆளு இந்த மாடியில நான் ஒருத்தன்தான்.

என் வலைப்பூ தலைப்புல 'வெளிநாட்டு மாணவன்'னு போட்டிருக்கறதைப் பார்த்துட்டு லண்டனா, சிட்னியான்னு சில நண்பர்கள் கேட்டிருந்தாங்க. ரெண்டும் இல்லீங்க. நான் படிக்கிற வெளிநாடு திருச்சி. துவாக்குடியில இருக்கற என்.ஐ.டி. வீடு இருக்கறது யான்பு, சவூதி அரேபியா. பாஸ்போர்ட் இந்தியா, பிறந்தது தஞ்சாவூர். ஆனா ஆறு மாசக் குழந்தையா யான்பு போனவன், பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அங்கேதான். விடுதிப் பசங்களைப் பொறுத்தவரை நான் லீவுக்கு வெளிநாடு 'போறேன்'. எங்க அம்மாவைப் பொறுத்தவரை வெளிநாட்டுல இருந்து வீட்டுக்கு 'வர்றேன்'. எது சரின்னு எனக்கே சில நாள் குழப்பம்தான் :)

யான்பு எங்கேன்னு தெரியாதவங்களுக்கு: துபாய், தோஹா இருக்கற பக்கம் இல்லை. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், செங்கடல் ஓரம். ஜித்தாவில இருந்து கடலோரமாவே வடக்கே முந்நூத்துச் சொச்சம் கிலோமீட்டர். மதீனா மாகாணத்தைச் சேர்ந்த பழைய துறைமுகம். முதல் உலகப் போர் சமயத்துல லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு பேர் வாங்கின டி.இ. லாரன்ஸ் தங்கியிருந்த வீடுன்னு ஒண்ணைப் பழைய நகரத்துல இன்னமும் காட்டுவாங்க. 'யான்பு'ன்னா அரபியில நீரூற்றுன்னு அர்த்தம். ஆனா நாங்க குடிக்கறது கடல்ல இருந்து உப்பெடுத்த தண்ணி. மதீனாவுக்கும் இங்கிருந்துதான் குழாய்ல போகுது.

நம்ம ஊர் ஆளுங்க அங்கே போன கதை 1975-ல தொடங்குது. அந்த வருஷம்தான் ஜுபைல், யான்பு ரெண்டு இடத்திலேயும் தொழில் நகரம் கட்ட ராயல் கமிஷன் அமைச்சாங்க. எண்ணெய் எல்லாம் நாட்டோட கிழக்குக் கரையில. அங்கேருந்து கப்பல் வெளியே போகணும்னா ஹார்முஸ் நீரிணையைத் தாண்டணும். ஈரான்-ஈராக் போர் நேரத்துல அது ஆபத்து. அதனால 1980களின் தொடக்கத்துல அப்கைக்கில இருந்து யான்பு வரைக்கும் பாலைவனத்துக்குக் குறுக்கே சுமார் 1,200 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போட்டாங்க. குழாய் வந்தா சுத்திகரிப்பு ஆலை வரும், ஆலை வந்தா வெல்டர் வேணும், ஃபிட்டர் வேணும், சாரம் கட்டறவங்க வேணும், கணக்கு எழுதறவங்க வேணும். ராமநாதபுரம், தஞ்சாவூர், நாகப்பட்டினம்னு கிளம்பி வந்துட்டாங்க. எங்கப்பா அந்த வரிசையில கொஞ்சம் பின்னாடி வந்தவர். ஒப்பந்தக் கம்பெனி ஒண்ணுல இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த அரபிக் காகிதம்.

சவூதியில இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு இகாமான்னு ஒரு அட்டை. அப்பாவோடது வேலை இகாமா. அம்மா, நான், தங்கச்சி மூணு பேரும் அவரை ஒட்டிக்கிட்டு இருக்கற குடும்ப இகாமா. நாட்டை விட்டு வெளியே போயிட்டுத் திரும்பி வரணும்னா 'குரூஜ் அவ்தா' வாங்கணும். குரூஜ்னா வெளியேறுதல், அவ்தான்னா திரும்புதல். கட்டணம் முதல் 2 மாசத்துக்கு 200 ரியால், அதுக்கு மேல ஒவ்வொரு மாசத்துக்கும் 100 ரியால். எனக்கு ஒரு செமஸ்டர்னா 5 மாசம், அதாவது 500 ரியால். வருஷத்துக்கு ரெண்டு தடவை, 1,000 ரியால். தேர்வு தள்ளிப்போனா வெளியே இருந்தபடியே ஆன்லைன்ல நீட்டிக்க இப்போ வசதி இருக்கு. நீட்டிக்காம தேதி தாண்டினா அந்த விசா செத்துப்போச்சு.

இது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு வேற.

2017 ஜூலையில குடும்ப உறுப்பினர் கட்டணம்னு ஒண்ணு வந்துது. தலைக்கு மாசம் 100 ரியால். 2018-ல 200, 2019-ல 300, 2020-ல இருந்து 400. எங்க வீட்ல மூணு தலை, மாசம் 1,200 ரியால். என் ஒருத்தன் தலைக்கு மட்டும் வருஷத்துக்கு 4,800. நான் திருச்சியில மெஸ் சாம்பார் சாப்பிட்டுக்கிட்டு இருக்கற மாசத்துக்கும் இது உண்டு. இகாமா உயிரோட இருக்கணும்னா கட்டித்தான் ஆகணும்.

ஆக 4,800-ஓட 1,000 சேர்த்து 5,800 ரியால். நம்ம காசுல லட்சத்துக்கு மேல. டிசம்பர் லீவு, மே-ஜூன் லீவு எல்லாம் கூட்டினா நான் யான்புல இருக்கறது வருஷத்துக்கு 90 நாள். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 64 ரியால். விமான டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. என் சொந்தக் கட்டில்ல படுத்துத் தூங்கறதுக்கு அப்பா கட்டற வாடகை அது. போன லீவுல பகல் பதினோரு மணி வரைக்கும் தூங்கினப்போ 'தம்பி, இருபது ரியாலைத் தூங்கியே தீர்த்துட்டியே'ன்னார். விளையாட்டாத்தான் சொன்னார்.

இந்தக் கட்டணம் வந்தப்புறம் எங்க ஊர்ல நடந்ததை நான் சின்ன வயசுல கண்ணால பார்த்தேன். வகுப்புல ஒவ்வொரு டெர்ம் முடிஞ்சதும் நாலு பெஞ்சு காலியாகும். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டு அப்பாக்கள் மட்டும் நாலு பேரா ஒரு ரூம்ல சேர்ந்துக்குவாங்க. எங்க கட்டடத்துல ஆறு தமிழ்க் குடும்பம் இருந்துது, இப்போ ரெண்டு. மேல்மாடி மாமா வீட்டு அத்தையும் பசங்களும் பட்டுக்கோட்டை போயிட்டாங்க. மாமா மட்டும் வெள்ளிக்கிழமை மதியம் எங்க வீட்டுக்கு சாப்பிட வருவார். வாசல்ல நின்னு 'தங்கச்சி, இன்னிக்கு ரசம் உண்டா?'ன்னு கேட்பார். அம்மாவும் அவருக்குன்னே ரசம் வைப்பாங்க.

எங்க அப்பா ஏன் அனுப்பலைன்னு கேட்டேன் ஒருநாள். 'அனுப்பினா மிச்சமாகும்தான். மிச்சம் பண்ணி என்ன பண்றது, நீங்க வளர்றதை போன்ல பார்க்கறதா?' அவ்வளவுதான் பதில்.

இதுல இன்னொரு வேடிக்கை சொல்லணும். எனக்கு இந்தக் கல்லூரியில இடம் கிடைச்சதே வளைகுடாவால. என்.ஐ.டி.கள்ல வெளிநாடுவாழ் மாணவர்களுக்கான டாசா சேர்க்கையில, வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்குன்னு தனிப் பிரிவு வச்சிருக்காங்க. அமெரிக்காவுல இருந்து வர்ற பையன் டாலர்ல கட்டுவான். நாங்க உள்ளூர் மாணவன் கட்டற அதே கல்விக் கட்டணம் கட்டினா போதும். ஏன்னா, வளைகுடாவுல இருக்கறவன் குடியேறப் போனவன் இல்லை, கூலிக்குப் போனவன்னு நம்ம அரசாங்கத்துக்குத் தெரியும். ஆறு வளைகுடா நாட்டுலயும் சேர்த்து ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள். அங்கேயே பிறந்தாலும் குடியுரிமை கிடையாது.

விமானத்துல கூட நாங்க தலைகீழ்தான். மே மாசம் நான் யான்பு போறப்போ டிக்கெட் மலிவு, பக்கத்து சீட் காலியாவே இருக்கும். கோடை விடுமுறை தொடங்கினதும் சவூதியில இருந்து குடும்பம் குடும்பமா ஊருக்குக் கிளம்புவாங்க. அந்தக் கூட்டத்தோட நானும் திருச்சிக்குத் திரும்பணும், அப்போ விலை உச்சியில இருக்கும். ஜித்தாவுல இறங்கி, துவால், ராபிக் தாண்டி மூணு மணி நேரத்துக்கு மேல கார் ஓட்டம். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் வெறும் மணல். ராத்திரியில சுத்திகரிப்பு ஆலையோட தீச்சுவாலை தூரத்துல தெரிய ஆரம்பிச்சா ஊர் வந்தாச்சுன்னு அர்த்தம். காவிரிப் பாலத்தைப் பார்த்தா திருச்சிக்காரனுக்கு என்ன தோணுமோ, அந்தத் தீயைப் பார்த்தா எனக்கு அது தோணும். சிரிக்காதீங்க.

வீட்ல அம்மா எனக்கு எடுத்து வச்சிருக்கறது இட்லி பொடியோ வத்தக்குழம்போ இல்லை. அதெல்லாம்தான் திருச்சியிலயே கிடைக்குதே. பகாலாவுல வாங்கின லபன், சூடு குறையாத தமீஸ் ரொட்டி, அதுக்கு ஃபூல். அப்புறம் வெள்ளிக்கிழமை அல்பைக். விடுதியில 'உங்க ஊர் சாப்பாடு எது?'ன்னு கேட்டா இதைச் சொல்ல முடியுமா? சொன்னேன், 'ஷேக்'னு பேர் வச்சுட்டானுங்க.

நண்பர்கள் நிலைமை இன்னும் மோசம். கூடப் படிச்சதுல ஒருத்தன் சென்னை, ஒருத்தி கோழிக்கோடு, ஒருத்தன் ஹைதராபாத், ரெண்டு பேர் கனடா. அவங்கவங்க செமஸ்டர் அவங்கவங்களுக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல யான்புல இருக்கற நாட்கள் இந்தத் தடவை பதினொண்ணு. எண்ணி வச்சிருக்கோம். கடற்கரையில ஒரு ராத்திரி உட்காரணும்னு திட்டம். பகல்ல நாப்பது டிகிரி தாண்டும், காத்துல ஈரம் வேற. ராத்திரிதான் ஊரே வெளியே வரும்.

இப்போ இந்தப் பதிவை ஏன் எழுதறேன்னு சொல்லிடறேன். போன மாசம் அப்பா போன்ல, பேச்சோட பேச்சா, 'அடுத்த வருஷத்தோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன் தம்பி. முட்டி ஏணி ஏற விடமாட்டேங்குது'ன்னார். முடிக்கறதுன்னா 'குரூஜ் நிஹாயி', ஃபைனல் எக்ஸிட். அவர் இகாமா முடிஞ்சா எங்க மூணு பேரோடதும் அன்னிக்கே முடியும். கணக்குப் போட்டா, எனக்கு யான்புல இன்னும் மூணு லீவுதான். அதிர்ஷ்டம் இருந்தா நாலு.

அவர் தொடர்ந்து வேலை பார்த்தாலும் எனக்கு ஒரு கெடு இருக்கு. பையன்கள் 25 வயசுக்கு மேல அப்பா பேர்ல இருக்க முடியாது, அங்கேயே வேலை தேடி வேலை இகாமாவுக்கு மாறணும். அமீரகத்துல முன்னே 18 வரைக்கும்தான் இருந்துது, 2022 அக்டோபர்லதான் 25 ஆக்கினாங்க. நிரந்தரமா இருக்க வழியே இல்லையான்னா, இருக்கு. 2019-ல சவூதி பிரீமியம் ரெசிடென்சின்னு ஒண்ணு கொண்டு வந்துது. அறிவிச்சப்போ நிரந்தர அட்டைக்கு விலை 8 லட்சம் ரியால். அப்பாகிட்ட சொன்னேன். 'ரெண்டு எடுத்துக்கோ'ன்னார்.

விடுதியில ஒரு சீனியர் கேட்டார், 'இதுல என்னடா வருத்தம்? சொந்த நாட்டுக்குத்தானே வரப்போறீங்க'ன்னு. நியாயமான கேள்வி. யாரும் எங்களை அகதியா விரட்டலை. சம்பளம் கொடுத்தாங்க, அந்தச் சம்பளத்துலதான் தஞ்சாவூர்ல வீடு கட்டினோம், பாட்டிக்கு ஆபரேஷன் நடந்துது. சவூதி எங்களை ஏமாத்தலை. வேலைக்குத்தான் கூப்பிட்டுது, வேலை முடிஞ்சா கிளம்புன்னு முதல் நாளே சொல்லிட்டுது. அது அப்பாகிட்ட சொன்னது. அங்கே நடக்கப் பழகி, சைக்கிள் ஓட்டி, முட்டியில காயம் பட்ட எங்ககிட்ட யாரும் சொல்லலை. அந்த மதுரைப் பையனுக்கு அவன் அப்பா ரிட்டயர் ஆனாலும் மதுரை இருக்கும். என் ஊர் அப்பாவோட வேலையோட ஒரு பகுதி. வேலை போனா ஊரும் போகும். அதுக்கப்புறம் நான் யான்பு போகணும்னா சுற்றுலா மாதிரி ஏதாவது ஒரு விசாவுலதான் போகணும். போனாலும் அங்கே யார் இருப்பாங்க?

அதனால இந்த லீவுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கேன். என்னை மாதிரி வளைகுடாப் பிள்ளைங்க யாராவது படிச்சா உங்களுக்கும் உதவும்.

1. காகிதங்கள். பள்ளிக்கூட டிசி, மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை எல்லாம் கையில வாங்கிடுங்க. பள்ளியை மூடிட்டா அப்புறம் கடல் கடந்து தேட முடியாது. சவூதியிலேயே பிறந்தவங்கன்னா அரபிப் பிறப்புச் சான்றிதழும், இந்தியத் தூதரகத்துல பதிஞ்ச சான்றும் ரெண்டுமே வேணும். யான்பு பக்கத்துக்கு ஜித்தா துணைத் தூதரகம். தம்பி, தங்கச்சி பிறந்தா ஒரு வருஷத்துக்குள்ள பதியணும்னு நம்ம குடியுரிமைச் சட்டத்துல இருக்கு.

2. அப்பா வேலை பார்க்கற இடத்தை, வேலிக்கு வெளியே இருந்தாவது பார்த்துடுங்க. எத்தனை வருஷமா அதிகாலை நாலரைக்கு எழுந்து எந்த பஸ்ல போறார்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது. இந்தத் தடவை ஒருநாள் கேட் வரைக்கும் கூடவே போறதா இருக்கேன்.

3. ஊர்ல இருக்கறவங்ககிட்ட பேசுங்க. பகாலா இக்கா, முடிவெட்டற பாய், மேல்மாடி மாமா. அவங்களும் எந்த லீவுல காணாமப் போவாங்கன்னு சொல்ல முடியாது. போன் நம்பர் வாங்கி வச்சுக்கங்க, சவூதி நம்பர் இல்லை, சொந்த ஊர் நம்பர்.

4. தூங்குங்க. ஆனா பதினோரு மணி வரைக்கும் வேண்டாம்.

தங்கச்சி இப்போ பத்தாவது. அப்பா முடிச்சுட்டு வந்தா அவ பன்னிரண்டாவது தஞ்சாவூர்ல படிக்கணும். இதுவரைக்கும் பள்ளியில அவ படிச்சது ஹிந்தியும் அரபியும். தமிழ் எங்க ரெண்டு பேருக்கும் அம்மா மளிகை லிஸ்ட் எழுதச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தது. அவளை எழுத்துக்கூட்டி வேகமாப் படிக்க வைக்கறதும் இந்த லீவு வேலைதான். பாடப் புத்தகத்தைக் கொடுத்தா ஓடிடுவா. அதனால உங்க பதிவுகளை எல்லாம் சேமிச்சு எடுத்துட்டுப் போறேன், சத்தமா வாசிச்சுக் காட்டச் சொல்லப் போறேன். மொக்கைப் பதிவுகளுக்கு முன்னுரிமை :)

நாளைக்கு ராத்திரி விமானம். திரும்பி வந்து எழுதறேன்.

டிஸ்கி: கட்டணம், வயசு வரம்பு எல்லாம் அடிக்கடி மாறும். இதைப் படிச்சுட்டு டிக்கெட் போட்டுடாதீங்க, அப்பாவோட அப்ஷர் கணக்குல ஒருதடவை பார்த்துக்கங்க.