ஸ்ரீரங்கப்பட்டணத்து இரும்பு வாணங்கள்

மைசூருக்கு வடகிழக்கே, காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து சூழும் தீவே ஸ்ரீரங்கப்பட்டணம். அங்குள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில், 1780-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திற்கு அருகே புள்ளலூரில் நிகழ்ந்த யுத்தம் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அந்த யுத்தத்தில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஹைதர் அலியின் படையினர் எய்த வாணங்களே அதற்குக் காரணம் என்று கருதுவோர் பலர். அவ்வாணங்களின் ஆற்றல் எத்தகையது? இக்காலத்து ராக்கெட்டுகளோடு அவற்றை எவ்வாறு ஒப்பிடலாம்?

வாணத்தின் தத்துவம் எளியது. குழலினுள் மருந்து எரிந்து உண்டாகும் வாயு பின்புறத் துவாரத்தின் வழியே வேகமாக வெளியேறுகிறது. அதன் எதிர்விளைவாகக் குழல் முன்னோக்கிப் பாய்கிறது. உள்ளே அழுத்தம் மிகுந்தால் மருந்து விரைந்து எரியும். உந்து விசையும் பெருகும். ஆனால் காகிதக் குழல் அவ்வழுத்தத்தைத் தாங்காது வெடித்துவிடும். மைசூர்க் கம்மியர் இரும்புக் குழலைக் கையாண்டதன் சிறப்பு இதுவே. ஆங்கிலேயர் தம் நாட்டிற்குக் கொண்டுசென்ற மாதிரி ஒன்றில், குழலின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள வாள் அதனோடு தோல்வாரினால் பிணைக்கப்பட்டிருந்தது. வாளோ மூங்கிற்கழியோ வால்போல் நின்று, பறக்கும் வாணத்தை நிலைப்படுத்தியது. இவ்வாணங்கள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்ந்தன.

எனினும், குறி தவறாமை அவற்றிற்கு வாய்க்கவில்லை. 1799 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பில் வெல்லெஸ்லியின் படை இருளிலும் வாணத் தாக்குதலிலும் நிலைகுலைந்து பின்வாங்கியது. ஆயினும் மே 4-இல் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தானும் மாண்டார். பகைவரைக் கலங்கச் செய்த வாணங்களால் முற்றுகையை முறியடிக்க இயலவில்லை. கைப்பற்றப்பட்ட வாணங்கள் இங்கிலாந்தை அடைந்தன. அவற்றைக் கண்டு தூண்டப்பெற்ற வில்லியம் காங்கிரீவ் புதிய வாணங்களை ஆக்கினார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அவற்றிற்கு இரையாயிற்று.

இனி, ஒப்பீட்டைக் காண்போம். ஒரு கிலோகிராம் மருந்து, ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையை எத்தனை வினாடி அளிக்கும் என்பதே அதன் திறனுக்கு அளவுகோல். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை சேர்ந்த பழைய மருந்து சுமார் 80 வினாடி அளிக்கும். நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத் திண்ம எரிபொருளோ, கடல்மட்டத்தில் 240 வினாடிக்குச் சற்றுக் குறைவாக அளிக்கிறது. அஃதாவது, ஏறத்தாழ மூன்று மடங்கு. சுருங்கி விரியும் வாயுக்குழாயும், திசையை அறிந்து திருத்தும் கருவிகளும் இக்காலத்துக் கூடுதற் சிறப்புகள்.

2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், பாழ்ங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட இரும்பு வாணங்கள் வெளிப்பட்டன. துருப்பிடித்த இரும்பு காற்றுப்பட்டால் விரைந்து அழியும். அக்குழல்களைப் பேணி ஆராய்ந்தால்தான், பெருமிதத்தாலன்றி அளவினால் நம் கம்மியரின் திறனை நாம் அறிய இயலும்.