காதில் கேட்கும் குரலும் வீட்டில் கேட்கும் குரலும்

மனச்சிதைவு நோய்க்குப் பலன் தரும் முதல் மருந்து 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்தது. குளோர்ப்ரோமசின் என்ற அந்த மருந்தும் அதன் வழிவந்த பலவும் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. ஆளில்லாத இடத்தில் கேட்ட குரல்கள் ஓய்கின்றன. பக்கத்து வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் தளர்கிறது. குடும்பத்துக்கு அடுத்த குழப்பம் அங்கேதான் ஆரம்பம். குரல் நின்றுவிட்டது, பையன் மட்டும் கட்டிலை விட்டு எழுவதில்லை; குளிப்பதில்லை; எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். "அதான் மாத்திரை போட்டு நல்லாயிட்டியே, இன்னும் என்ன?" என்று தொடங்குகிற பேச்சு, சில மாதங்களில் 'தண்டச்சோறு' என்பதில் வந்து நிற்கிறது.

அந்தச் சோர்வும் நோயின் பகுதிதான். ஊக்கமின்மை, உணர்ச்சி மழுங்கல், மனிதர்களிடமிருந்து ஒதுங்கல் ஆகியவற்றை மருத்துவர்கள் 'நெகட்டிவ் அறிகுறிகள்' என்கிறார்கள். இன்றுள்ள மருந்துகள் இவற்றைப் பெரிதாக அசைப்பதில்லை. மருந்து விட்ட இடத்தில் மனிதர்கள் என்ன செய்ய முடியும்? இதை இரக்கத்தின் பாற்பட்ட விஷயமாகவே பலர் நினைக்கிறார்கள். ஆனால் இது அளந்து பார்க்கப்பட்ட அறிவியல்.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாக மீண்டும் வந்தது. வாடகை அறையில் தங்கியவர்கள், உடன்பிறந்தவர்களோடு இருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். சொந்தம் நெருங்க நெருங்க நோய் திரும்புவானேன்? விடை தேடி, உறவினர்களிடம் நீண்ட பேட்டிகள் எடுத்து ஒலிப்பதிவு செய்தார்கள். நோயாளியைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதோடு, எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பதையும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். குத்தல், வெறுப்பு, அளவுமீறிய பதற்றப் பாசம் மூன்றும் கணக்கில் வந்தன.

அதே முறையில் ஆய்ந்து 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் வெளியிட்ட எண்கள் இன்றும் திடுக்கிட வைக்கின்றன. குத்தல் மிகுந்த வீடு, வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம், மருந்தும் இல்லை என்றால் ஒன்பது மாதங்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அதே வீடு, அதே நெருக்கம், மருந்து உண்டு என்றால் 53. அமைதியான வீட்டில் மருந்தும் சேர்ந்தபோது 12. அமைதியான வீட்டில் மருந்தில்லாதவர்களுக்கும் 15தான் என்பதைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அங்கேயும் மருந்துதான் காப்பாற்றியது.

குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இதன் பொருள் அல்ல. தாயின் வளர்ப்பே இந்த நோயைத் தருகிறது என்று மனநல மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. எத்தனை தாய்மாரை அந்த ஆதாரமற்ற கருத்து அழவைத்ததோ. பேட்டிகளில் வீட்டார் குறைசொன்னவற்றில் பெரும்பாலானவை பிரமைகளைப் பற்றியவை அல்ல, எழாமை, பேசாமை பற்றியவை. நோயைச் சோம்பல் என்று எண்ணியதால் வந்த கோபம் அது. ஆகவே சொல்லிக்கொடுத்தால் மாறும். லெஃப் குழுவினர் 1982இல் வெளியிட்ட சோதனை சிறியது. 24 பேர்தான், எல்லோருக்கும் மருந்து. பாதிப் பேரின் குடும்பங்களுக்கு நோயை விளக்கி, வீடு தேடிச் சென்று பேசினார்கள். ஒன்பது மாதங்களில் மற்ற பிரிவில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. இந்தப் பிரிவில் ஒருவருக்கு மட்டும்.

இந்தியாவில் மனநல மருத்துவர் வித்யாசாகர், குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பதைக் கோட்பாடாக எழுதாமல் செய்தே காட்டினார். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் அதே வழியில் சென்றது.

பின்னர் வந்த பெரிய சோதனை ஒன்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கோவா, சதாரா, காஞ்சிபுரம் பகுதிகளில் நடத்திய ஆய்வு அது. 2014இல் 'லான்செட்' இதழில் வெளியானது. 282 நோயாளிகளுக்கும் மருத்துவமனைச் சிகிச்சை கிடைத்தது. அவர்களில் 187 பேரின் வீட்டுக்குக் கூடுதலாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வந்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். நோயைப் புரியவைப்பது, மாத்திரை தவறாமல் பார்ப்பது, குளியலில் தொடங்கிக் கடைக்குப் போவதுவரை சிறு சிறு வேலைகளைப் பழக்குவது, அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது இவர்கள் பணி. ஓராண்டில் அறிகுறிகளும் செயல்முடக்கமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. பெரிய பாய்ச்சல் அல்ல. ஆனால் மருத்துவ வசதி அரிதான ஊரகப் பகுதிக்கு இது ஏற்றது என்று ஆய்வாளர்களே பரிந்துரைத்தார்கள்.

பராமரிப்பவர்களின் சுமையும் ஊரார் பார்வையும் மட்டும் அசையவில்லை. ஊரார் பார்வை மாறாததில் எனக்கு வியப்பில்லை. பணியாளர் பேசியது வீட்டாரிடம். தெருவும் வேலையிடமும் அவர் கைக்கு எட்டாதவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் வைத்திருக்கிறது. அரசு வேலையில் ஒரு விழுக்காட்டை வேறு சில பிரிவினரோடு பகிர்ந்துகொள்ள இடமும் தந்திருக்கிறது. தனியார் கடையிலோ பட்டறையிலோ வேலை தேடுபவருக்கு அதனால் பெரிய பயனில்லை. இரவு போட்ட மாத்திரையின் மந்தம் காலை பத்து மணிவரை விடாதவருக்கு, "பதினொரு மணிக்கு வாங்க, போதும்" என்று சொல்கிற முதலாளி கிடைக்க வேண்டும்.