ரூபா விழுந்தால் வன்னிக்கு யார் வருகிறார்கள்?

2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி 203 ரூபா அளவில் இருந்தது. மார்ச் 7ஆம் திகதி, அதுவரை இறுக்கிப் பிடித்து வைத்திருந்த நாணய மாற்று வீதத்தை மத்திய வங்கி தளர்த்தியது. மே நடுப்பகுதியில் அதே டொலருக்கு 360 ரூபா. எரிபொருள் வரிசைகள் நீண்டுகொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு பேச்சும் அடிபட்டது. ரூபா விழுந்தது விழுந்ததுதான், இனி வெளிநாட்டுக்காரருக்கு இலங்கை மலிவு, சுற்றுலாப் பயணிகள் வந்து குவிவார்கள், டொலர் வரும் என்பதே அது.

பொருளியல் பாடப்புத்தகத்தின்படி இதில் பிழை இல்லை. ஆனால் அந்த ஆண்டின் கணக்கு வேறு விதமாக முடிந்தது. வன்னியில் நின்று பார்த்தால் அது இன்னும் வேறு விதமாகத் தெரியும்.

மலிவு எப்படி உண்டாகிறது?

ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்குவோம். கிளிநொச்சியில் ஒருவர் தன் வீட்டின் ஓர் அறையை ஒரு நாளுக்கு 3000 ரூபாவுக்கு வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாவாக இருக்கும்போது வெளிநாட்டுப் பயணிக்கு அந்த அறை 15 டொலர். டொலர் 360 ரூபாவானால் அதே அறை 8 டொலர் சொச்சம். அறையும் கட்டிலும் மாறவில்லை, பயணிக்கு விலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. பலவீனமான நாணயம் சுற்றுலாப் பயணியை இழுப்பது இந்த வழியால்தான்.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் போட வேண்டும். மாதம் 40,000 ரூபா சம்பளம் வாங்கும் ஓர் ஊழியரின் உழைப்பு முன்பு 200 டொலர் பெறுமதி. இப்போது 111 டொலர். அவர் அதே நேரத்துக்கு வேலைக்குப் போய் அதே வேலையைத்தான் செய்கிறார். பயணிக்குக் கிடைக்கும் தள்ளுபடியின் பெரும்பகுதி இவரைப் போன்றவர்களின் சம்பளத்திலிருந்து போகிறது.

தள்ளுபடி எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது அடுத்த கேள்வி. பெற்றோல், சமையல் எரிவாயு, கோதுமை மா, பால்மா எல்லாம் டொலரில் வாங்கப்படுபவை. ரூபா விழுந்தால் சில வாரங்களில் இவற்றின் விலை ஏறும். பின்னால் பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுப் பார்சல், அறை வாடகை எல்லாம் ஏறும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்த்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டொலரின் பெறுமதி 77 சதவீதம் அளவு கூடியது. பொருட்களின் விலை ஒரே ஆண்டில் 70 சதவீதம் அளவு கூடியது. ஒரு கையால் கிடைத்த மலிவை மறு கை திருப்பி எடுத்துவிட்டது. சிகிரியா போன்ற இடங்களின் நுழைவுச்சீட்டும் பெரிய ஹோட்டல்களின் அறையும் வெளிநாட்டவருக்கு முதலிலிருந்தே டொலரில்தான் விலை குறிக்கப்படுகின்றன. ரூபா விழுந்தாலும் அவற்றில் அவர்களுக்கு இலாபம் இல்லை. அப்படியென்றால் உண்மையில் மலிவாகவே நின்றது எது? விலைவாசியோடு சேர்ந்து ஏறாத மனித உழைப்புத்தான். அறையைக் கூட்டுபவர், வாகனம் ஓட்டுபவர், சமையற்கூடத்தில் நிற்பவர் ஆகியோரின் கூலி.

மலிவு இருந்தது, ஆட்கள் இல்லை

சரி, அந்த மலிவுக்காவது பயணிகள் வந்தார்களா? 2022 மார்ச்சில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். ரூபா அடிமட்டத்துக்குப் போன மே மாதத்தில் வந்தவர்கள் 30 ஆயிரம் அளவில்தான். மே மாதம் வழமையாகவே பயணிகள் குறையும் காலம் என்பதைக் கழித்தாலும் இது பெரிய வீழ்ச்சி. வாகனத்துக்கு எரிபொருள் இல்லை, மணிக்கணக்கில் மின்வெட்டு, அவசரகாலச் சட்டம், வெளிநாடுகளின் பயண எச்சரிக்கை. அந்த ஆண்டு முழுவதும் வந்தவர்கள் 7 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வரை.

2023இல் 14 இலட்சத்து 87 ஆயிரம். 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரம். ஆனால் இந்தக் காலத்தில் ரூபா வலுத்துக்கொண்டிருந்தது. 2024 முடிவில் டொலர் 300 ரூபாவுக்கும் கீழே வந்துவிட்டது. நாணயம் மிகவும் மலிந்திருந்தபோது ஆட்கள் வரவில்லை. அது மீண்டெழுந்தபோது வந்தார்கள். எரிபொருள் கிடைத்தது, வீதிகள் அமைதியாகின, 2023 இறுதியில் இந்தியா உட்பட ஏழு நாடுகளின் பயணிகளுக்கு விசாக் கட்டணம் நீக்கப்பட்டது. கதவு திறந்த பிறகுதான் விலைப் பலகையை யாராவது பார்க்கிறார்கள்.

ஜப்பானிலும் இதுவே நடந்தது. 2022 மார்ச்சில் 115 யென் அளவிலிருந்த டொலர் ஒக்டோபரில் 150 யென்னை எட்டியது. ஆனால் கொரோனாக் கட்டுப்பாடுகளால் தனிப்பட்ட சுற்றுலாப் பயணிகளுக்கு நாடு மூடியே கிடந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி கட்டுப்பாடு நீங்கிய பின்னரே கூட்டம் வந்தது. 2024இல் வந்தவர்கள் 3 கோடியே 68 இலட்சத்துக்கும் மேல், அதுவரை காணாத எண்ணிக்கை.

துருக்கி இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 2021 இறுதியில் லீரா சரிந்தபோது எல்லைக்கு அப்பாலுள்ள பல்கேரியர்கள் எடிர்னே நகரச் சந்தைகளில் பை பையாக வாங்கிப் போனார்கள். வியாபாரிக்கு நல்ல காலம். அதே கடையில் உள்ளூர்க் குடும்பங்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பின.

ஏ9 வீதியில் கடந்து போகும் பணம்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ யாழ்ப்பாணம் போகும் வெளிநாட்டுப் பயணி வன்னியைத் தாண்டாமல் போக முடியாது. வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று ஏ9 வீதி நீள்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்கும். கற்பூரம் கொளுத்துவார்கள், ஒரு பை கச்சான் வாங்குவார்கள், ஒரு தேநீர் குடிப்பார்கள். பிறகு வாகனம் வடக்கே போய்விடும். இரவு தங்கும் பணம் யாழ்ப்பாணத்தில் இறங்கும்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. இந்தியாதான் இன்று இலங்கைக்கு அதிக பயணிகளை அனுப்பும் நாடு. 2024இல் மட்டும் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். இவர்களில் வடக்கால் வந்து இறங்குபவர்கள் நல்லூரையும் நயினாதீவையும் கும்பிட்டுவிட்டுத் தெற்கே போகும் வழியில் வன்னியை ஜன்னலால் பார்க்கிறார்கள்.

பார்க்க இடம் இல்லாமல் இல்லை. இரணைமடுக் குளம், சுண்டிக்குளத்துக்கு வரும் பறவைகள், முல்லைத்தீவுக் கடற்கரை, வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் என்று எண்ணிக்கொண்டே போகலாம். குறைவாக இருப்பவை உள்ளூர்க்காரர் கையில் உள்ள தங்குமிடங்களும், பிரதான வீதியை விட்டு இறங்கினால் திரும்பி வர வாகனமும்.

கதவு என்ற சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு. போர் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்குக்கு வர பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திரும்பவும் கொண்டுவரப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகே அது நீங்கியது. அந்த மூன்று மாதங்களில் டொலருக்கு எத்தனை ரூபா கொடுத்திருந்தாலும் பயன் இல்லை. கடற்கரையோரமும் குளத்தோரமும் மக்களின் காணிகள் இராணுவத்திடம் இருக்கும்வரை, அந்த இடத்தில் உரியவர் ஓர் அறையைக் கூடக் கட்ட முடியாது என்பதும் சுற்றுலாக் கணக்கில் சேர வேண்டிய ஒன்று.

உறவு என்ற சுற்றுலாப் பயணி

ஆனால் வன்னியில் வந்து நாட்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ வருகிறார். கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, அதில் சுற்றுலா விசா. ஊருக்கு வந்தால் அவர் யாரோ ஒருவரின் சித்தப்பா, மாமி, அண்ணா.

இவர் வருவதற்கு ரூபாவின் வீழ்ச்சி காரணம் அல்ல. அம்மாவுக்குச் சுகமில்லை, தங்கைக்குக் கலியாணம், கோயில் திருவிழா, செத்தவீடு. டொலர் 200 ஆனாலும் 360 ஆனாலும் வர வேண்டியவர் வருவார். வீதம் மாற்றுவது அவர் செலவழிக்கும் அளவை. 2022 தொடக்கத்தில் 500 பவுண் மாற்றினால் 1 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா அளவில் கிடைத்தது. மே மாதத்தில் 2 இலட்சத்து 20 ஆயிரம். அந்த வித்தியாசத்தில் கூரை திருத்தப்படும், கிணறு இறைக்கப்படும், கலியாணத்தில் இன்னும் 50 பேருக்குச் சாப்பாடு போடப்படும்.

இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது ஹோட்டல் நிறுவனத்தின் கணக்குக்குப் போவதில்லை. மேசனுக்கும் தச்சருக்கும் வான் சாரதிக்கும் சமையற்காரருக்கும் நேரே போகிறது. கூடாத குணமும் உண்டு. வெளிநாட்டில் ஆள் உள்ள வீட்டுக்கு ரூபா விழுந்தால் வரவு. ஆள் இல்லாத வீட்டுக்கு அதே வீழ்ச்சி செலவு மட்டும்தான். பக்கத்து வளவு விலைக்கு வந்தால் பவுணோடு வருபவருக்கு அது கைக்கெட்டும் விலை. அதே ஊரில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு எட்டாத விலை. போரில் எல்லாவற்றையும் இழந்து, கணவனையும் இழந்து, தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த இடம் இது. அவர்களில் பலருக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. சுற்றுலா வருமானம் கூடியது என்று செய்தி வரும்போது இந்த வீடுகள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகின்றன.

எது கையில் நிற்கும்?

நாணய வீதம் வன்னியில் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. அதை நம்பி அறை கட்டுபவர் ரூபா வலுக்கும்போது தடுமாறுவார். ஆகவே சுற்றுலாவை நம்பி ஏதாவது தொடங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தன் செலவில் எவ்வளவு டொலரோடு கட்டப்பட்டது என்பதை. குளிரூட்டிய அறையும் இறக்குமதிச் சாமானும் என்றால் ரூபா விழும்போது வருமானத்தோடு செலவும் ஏறும். உள்ளூர் அரிசி, முல்லைத்தீவு மீன், இரணைமடு நன்னீர் மீன், வீட்டு மரக்கறி என்று சமையல் நடந்தால் வரும் பணத்தில் பெரும்பகுதி இங்கேயே சுழலும்.

இரண்டாவது, வருபவரை ஓர் இரவு நிற்க வைப்பது. முறிகண்டியில் கச்சான் வாங்கிப் போகிறவர் கொடுப்பது சில நூறு ரூபா. அவரே ஓர் இரவு தங்கினால் அறைக்காரர், ஆட்டோக்காரர், தோணிக்காரர், கடைக்காரர் என நாலு பேருக்கு அது போகும். பிரதேச சபைகளும் மாகாண சபை நிர்வாகமும் செய்யக்கூடிய வேலைகள் இதில் உள்ளன: வீட்டுத் தங்குமிடங்களைப் பதிவுசெய்ய உதவுவது, சுத்தமான மலசலகூடங்கள், சுண்டிக்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் ஒழுங்கான பேருந்து. தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இந்தப் பதிவிலும் சிறு கடனிலும் முன்னுரிமை கொடுத்தால், வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டுக்கும் ஒரு வெளிநாட்டு விருந்தாளி கிடைப்பார்.

மூன்றாவது, விலை. மலிவு என்பதையே விளம்பரமாக வைத்தால், எங்கள் கூலி குறைந்திருக்கும்வரைதான் வியாபாரம் நடக்கும். 2024இல் ரூபா வலுத்த பிறகும் 20 இலட்சம் பேர் இந்த நாட்டுக்கு வந்தார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தும் வருபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது போதிய சாட்சி. அவர்களில் ஒரு பங்கினர் மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுக்கு இறங்கினாலே இங்கு பல வீடுகளில் அடுப்பெரியும்.