பொட்டலப் பண்டங்களில் ஹலால் பேணுதல்



வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் பாகூர்க் கடைத்தெருவிலும் மாலையானால் நம் பிள்ளைகளின் கைகளில் சிப்ஸும் நூடுல்ஸும் இருப்பதைக் காண்கிறீர்கள். அறுத்தவர் யாரென விசாரித்து இறைச்சி வாங்கும் நாம், இப்பொட்டலங்களின் உட்பொருளை விசாரிக்கின்றோமா?

பல உறைகளின் பின்புறத்தில் 631 என்னும் எண் காணப்படும். சுவையைக் கூட்டும் இப்பொருளை இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தும் எடுக்கலாம். மாவுப் பொருளைப் புளிக்க வைத்தும் தயாரிக்கலாம். எண் ஒன்றே, மூலம் வேறு. எனவேதான் 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்து பெறப்பட்டதா, விலங்கிலிருந்து பெறப்பட்டதா என்பதை முழுமையாக வெளியிடுமாறு உத்தரவிட்டது.

ஆயினும், எண்ணைக் கண்டவுடனேயே ‘ஹராம்’ எனத் தீர்ப்பளித்தல் தகாது. அறிவின்றி ஹலால், ஹராம் எனக் கூறுவதைத் திருமறை (16:116) கண்டிக்கின்றது. பச்சை வட்டக் குறி, அப்பண்டம் சைவம் என்பதற்கு உற்பத்தியாளர் சட்டப்படி அளிக்கும் உறுதி. அதனை ஏற்கலாம். ஆனால் மதுவைப் பற்றி அக்குறி பேசாது. சேர்மானப் பட்டியலையும் படித்தல் வேண்டும். பழுப்பு முக்கோணக் குறியிருப்பின் ஹலால் சான்றைத் தேடுங்கள். ஜெலட்டின் கலந்த மிட்டாயை அதன் மூலம் தெரியாதவரை தவிர்ப்பதே பேணுதல்.

ஐயத்திற்குரியவற்றை விலக்கியவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. பிள்ளைக்குக் காசு கொடுக்கும்போதே, உறையைத் திருப்பிப் படிக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய உணவை அருள்வானாக! ஆமீன்.