களவிற் பதிந்த கானம்

தமிழிலக்கணம் பயிலும் மாணவர்க்குக் களவென்னுஞ் சொல் அச்சந் தருவதன்று. களவு கற்பாய் முடிவதே அகப்பொருள் மரபன்றோ? இசையுலகிலும் அங்ஙனம் முடிந்த களவொன்றுண்டு. அதனையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தேன்.

இசைப்போரின் உத்தரவின்றி எடுக்கப்படும் ஒலிப்பதிவை ஆங்கிலேயர் 'பூட்லெக்' என்பர். முழங்கால் வரை உயர்ந்த பூட்ஸினுள்ளே சாராயக் குப்பியை ஒளித்துச் சென்ற வழக்கத்தினின்றும் பிறந்த பெயர் அது. 1969-இல் பாப் டிலனின் வெளிவராத பாடல்களைச் சிலர் வெறும் வெள்ளையுறையிலிட்டு விற்றுப் பொருளீட்டினர். அது வெறுங் களவே. அதற்குப் பரிந்து பேச யான் வரவில்லை.

நான் கூற வந்தது வேறு. நியூயார்க்கில் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்றொரு ராக் இசைக்குழு இருந்தது. கறுப்புடையும் கறுப்புக் கண்ணாடியுமாய்த் தோன்றிய அவர்களை ஓவியர் ஆண்டி வார்ஹால் ஆதரித்தார். 1967-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் உறையில் அவர் தீட்டிய வாழைப்பழத்தின் தோலை உரிக்கவுங் கூடும்! தோற்றப்பொலிவு இத்துணை இருந்தும் தட்டுகள் அதிகம் விலைபோகவில்லை.

1970-ஆம் ஆண்டுக் கோடையில் 'மாக்ஸஸ் கான்ஸாஸ் சிட்டி' என்னும் உணவுவிடுதியின் மாடியில் இக்குழுவினர் இசைத்து வந்தனர். ஆகஸ்டு 23-ஆம் நாளிரவு, வார்ஹாலின் தோழியாகிய பிரிஜிட் பெர்லின் சிறியதொரு காஸெட் கருவியுடன் அங்கு வந்தமர்ந்தார். எந்த நிறுவனமும் அவரை ஏவவில்லை; கண்டது கேட்டதெல்லாம் நாடாவிற் பதித்து வைப்பது அம்மையாரின் பழக்கம். பாடல்களை இயற்றிப் பாடிவந்த லூ ரீட் அவ்விரவோடு குழுவினின்றும் விலகினார்! கைக்கருவி ஒன்று அங்கிராவிடின் அக்கடைசியிரவு காற்றோடு கலந்திருக்கும்.

பதிவோ மிக எளியது. ஒலிக்கூடத்தில் வாத்தியந்தோறும் ஒலிவாங்கி வைத்துப் பின்னர்ச் சமன் செய்வர். இங்கே இருந்ததோ ஒன்று, அதுவும் மேஜையருகே. தொலைவில் முழங்கும் பேரி மங்கிக் கேட்கிறது. அருகிலிருப்போர் பேச்சோ தெளிவாகக் கேட்கிறது. பாட்டு ஓய்ந்தவுடன் கவிஞர் ஜிம் கேரல் மது வரவழைக்கும் குரல் எழுகிறது. ஒலிக்கூடத்தார் இதனைக் குற்றமென்று நீக்கியிருப்பர். எனக்கோ அக்குரலே பெருஞ்செல்வமாய்த் தோன்றுகிறது. மேடையில் ஒரு குழு முறிந்துகொண்டிருக்க, கீழே மேஜையில் மதுவைப் பற்றிப் பேச்சு! இவ்வுண்மையை எந்த ஒலிக்கூடம் நமக்குத் தரும்?

1972-இல் அட்லாண்டிக் நிறுவனத்தார் அந்நாடாவையே இசைத்தட்டாக வெளியிட்டனர். பாடல்களைத் தெரிந்தெடுத்து வரிசையை மாற்றியது அவர்கள் பிழையென்பேன். 2004-இல் வந்த மறுபதிப்பிலேதான் அவ்விரவின் இரு அமர்வுகளும் விரிவாகக் கிடைத்தன.

தன் குறைகள் நிலைத்திருப்பதைப் பாடகன் விரும்பானே என்று நண்பரொருவர் வாதிட்டார். அவ்வாதத்திற்கு என்னிடம் முழு விடையில்லை. ஆயினும் ஒன்று கூறுவேன். 1969-இல் இக்குழுவினர் சான் பிரான்சிஸ்கோவில் இசைத்தபொழுது, ராபர்ட் குவைன் என்னும் இளைஞர் இரவுதோறும் கருவியோடு சென்று பதிவு செய்தார். அவை 2001-இல் மூன்று தட்டுகளாய் வெளிவந்தன. அதற்கு முன்னமே, 1982-இல் லூ ரீட் வெளியிட்ட 'தி ப்ளூ மாஸ்க்' என்னும் இசைத்தட்டில் அவருக்குத் துணையாகக் கிட்டார் வாசித்தவர் இந்தக் குவைனேயாவார்.