சித்தப்பா பிழைத்தது எதனால்?

டி.பி.யைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு சித்தப்பாவிடம் வந்து நிற்கும். "ஆஸ்பத்திரிப் பக்கமே போகல. ஊர்ல ஒருத்தர் பொடி குடுத்தார். மூணு மாசம் சாப்பிட்டார். இன்னைக்கும் வயல்ல இறங்கி வேலை பாக்கறார். இதுக்கு என்ன சொல்றீங்க?"

இப்படிக் கேட்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. சித்தப்பா சளியோடு ரத்தம் துப்பியது உண்மை, பொடி சாப்பிட்டது உண்மை, பிழைத்ததும் உண்மை. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று எழுந்து போய்விட்டால் கேட்டவருக்கு எந்தப் பதிலும் கிடைக்காது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகவே பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே, மிகுந்த உழைப்பில் கிடைத்த பதில் ஒன்று இருக்கிறது.

1961 முதல் 1968 வரை, பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தேசியக் காசநோய் நிறுவனத்தார் ஒரு நீண்ட ஆய்வு நடத்தினார்கள். அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். முறையான காசநோய்ச் சிகிச்சை அந்த மக்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத காலம் அது. சளியில் கிருமி இருந்தவர்கள் 5 ஆண்டுகள் கழித்து என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்தபோது, 100 பேருக்கு 49 பேர் இறந்திருந்தார்கள். 18 பேர் இன்னும் கிருமியோடு இருமிக்கொண்டிருந்தார்கள். மீதி 33 பேருடைய சளியில் கிருமியே இல்லை. நோய் தானாகவே அடங்கியிருந்தது.

இந்த 33 என்ற எண்ணில்தான் நம் சித்தப்பா இருக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 100 பேருக்கும் ஒருவர் ஏதோ ஒரு பொடியைக் கொடுத்திருந்தால், அது வெறும் அரிசி மாவாகவே இருந்திருந்தாலும், 33 பேர் எழுந்து நடந்திருப்பார்கள். அந்த 33 பேரும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் பொடியின் பெருமையைச் சொல்லியிருப்பார்கள். இறந்த 49 பேர் வந்து எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்களுடைய வீட்டில் "நோய் முத்திப்போன பிறகுதான் அவர்கிட்ட போனோம், நம்ம விதி" என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள். பொடி கொடுத்தவரும் மனதறிந்து ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அவரைத் தேடி வந்து காலில் விழுகிறவர்கள் பிழைத்தவர்கள் மட்டும்தான். அவர் கண்ணில் பட்டதெல்லாம் வெற்றிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. காசநோய் ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும் நோயல்ல. சில மாதம் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் தணியும், பிறகு திரும்ப வரும். நோய் தணியத் தொடங்கிய வாரத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்கே பேர் போய்ச் சேரும். ஆடாதோடைக் கஷாயம் குடித்தால் சளி இளகும், நெஞ்சு லேசாகும். அந்தச் செடியிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. ஆகவே அது சளியை இளக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நுரையீரலில் குழி பறித்து உட்கார்ந்திருக்கும் காசநோய்க் கிருமியை ஆடாதோடையோ, திப்பிலியோ, மஞ்சளோ ஒழித்து நோயாளியைக் குணமாக்கியதாக எந்தச் சோதனையிலும் நிரூபணமாகவில்லை. கோரைப் புல்லை மேலோடு அறுத்தால் தோட்டம் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். இருமல் நின்றதை வைத்து டி.பி. போய்விட்டது என்று எண்ணுவதும் அப்படித்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமென்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் சார்லஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1897இல், இளம் வயதில் நெஞ்சு நோய் கண்டு, காற்று மாற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே ஒரு நாட்டு வைத்தியர் கொடுத்த வேர்க் கஷாயத்தைக் குடித்துப் பிழைத்ததாக நம்பினார். அதாவது, அவரே ஒரு சித்தப்பா. ஊர் திரும்பி அந்த வேரை 'உம்காலோவாபோ' என்ற பெயரில் காசநோய்க்கு விற்றார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் ரகசிய மருந்துகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டு, இவருடைய மருந்தையும் அதில் சேர்த்தது. மானநஷ்ட வழக்குப் போட்டார். 1912இல் ஜூரிகளுக்குள் ஒத்த முடிவு வரவில்லை. 1914இல் மறுபடி விசாரணை நடந்து தோற்றார். அதற்குப் பிறகும் மருந்து விற்றுக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் குணமானோம் என்று சொல்ல அவருக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஜெரேனியம் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடியின் சாறு இன்றும் சாதாரண மார்ச்சளிக்கு விற்கிறது. காசநோய்ச் சிகிச்சையில் அதற்கு இடமில்லை.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: "நாட்டு மருந்தை மட்டும் இப்படி உரசிப் பார்க்கறீங்களே, இங்கிலீஷ் மருந்தை யார் உரசிப் பார்த்தது?" பார்த்தார்கள். அதில் அடிபட்டு விழுந்தவை ஏராளம். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், 1890இல் அதற்கு மருந்தும் கண்டுவிட்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்ற அந்த மருந்தைத் தேடி நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். அது குணப்படுத்தவில்லை. கோக் எத்தனை பெரிய மேதை என்பது அங்கே கணக்கில் வரவில்லை.

1920களில் தங்கம் கலந்த சானோகிரைசின் என்ற ஊசி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. நம்பிக்கையோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர்கள். டெட்ராய்ட் நகருக்கு அருகே ஒரு சானடோரியத்தில் 24 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, எந்தப் பிரிவுக்குத் தங்க ஊசி என்பதைக் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள். மற்றப் பிரிவுக்குச் சுத்தமான தண்ணீர் ஊசி. எது தங்களுக்குப் போகிறது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 1931இல் முடிவு வெளியானது. தங்கம் ஏற்றியவர்கள் மற்றவர்களைவிடத் தேறவில்லை. சிறுநீரகமும் ஈரலும் கெட்டதுதான் மிச்சம். ஆயிரக்கணக்கான சாட்சிகளால் தெரியாமல் போனது 24 பேரை வைத்துத் தெரிந்தது, ஒப்பிட இன்னொரு பிரிவு இருந்ததால்.

உண்மையான மருந்தையும் இப்படித்தான் சோதித்தார்கள். 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தார்கள். 52 பேருக்கு ஓய்வு மட்டும். 6 மாதத்தில் மருந்துப் பிரிவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்தார்கள். பெரிய வெற்றி என்று தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் கணக்கை மூடிவைக்கவில்லை. 5 ஆண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். தனியாகக் கொடுத்த ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது. நிரூபணமான மருந்தே தனியாக நின்றால் தோற்கிறது என்றால், கிருமியை ஒழிக்கும் என்று நிரூபணமே ஆகாத கஷாயத்தை நம்பி 3 மாதம் காத்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இன்று சாதாரணக் காசநோய்க்கு முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் அவற்றில் மூன்று. இந்தக் கிருமி ஒன்று இரண்டாகப் பெருகவே பதினைந்து இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பல நாள் உறங்கியும் கிடக்கும். அதனால்தான் இத்தனை நீண்ட சிகிச்சை.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வழியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழகிப்போயிருக்கும். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917இல் கணிதமேதை ராமானுஜன் தங்கியிருந்தார். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே அந்தக் காலத்தில் தரமான சிகிச்சை. அதையும் உரசிப் பார்த்தது நம் சென்னைதான். 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேரைத் தாம்பரத்தில் படுக்கவைத்து நல்ல சாப்பாடு கொடுத்தார்கள். மீதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு. இரு பக்கத்துக்கும் அதே மாத்திரைகள். ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தன. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதற்கும், வீட்டிலிருந்தே ஏழைகள் குணமாகலாம் என்று ஆனதற்கும் சென்னையின் அந்த 193 பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதை நம் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

இத்தனை இருந்தும் பொடிக்காரரிடம் ஏன் போகிறார்கள்? அறியாமை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மாத்திரை வாயைக் குமட்டும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். "உடம்புக்குச் சூடு" என்று பயந்து நிறுத்துவார்கள். சிலருக்கு மஞ்சள் காமாலையும் வரும். அதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது. இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு" என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வெட்கம். ஆஸ்பத்திரி அட்டையைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்ற பயம். பொடிக்காரர் அட்டை போடமாட்டார், வீட்டுக்கு யாரையும் அனுப்பமாட்டார். அந்த ரகசியத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அதற்குள் நுரையீரலில் குழி பெரிதாகிறது. சிகிச்சை பெறாத ஒருவரிடமிருந்து ஓராண்டில் பத்துப் பதினைந்து பேருக்குக்கூடக் கிருமி தொற்றலாம். முதலில் தொற்றுவது மடியில் உட்கார்ந்திருக்கும் பேரக் குழந்தைக்கு.

பெயரில்லாப் பொட்டலங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மூலிகை என்று விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போனால் பசி எடுக்கும், காய்ச்சல் தணியும், முகம் உப்பும். பார்க்கிறவர்கள் தேறிவிட்டார் என்பார்கள். உள்ளே கிருமி தடையின்றிப் பெருகும். காசநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் காசநோய் பெயரோடு இருக்கிறது. விளம்பரமோ இன்று கைபேசியில் வருகிறது.

நண்டு ரசமும் ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் கொடுக்கிற பாட்டிமார்களை மட்டும் யாரும் தடுக்க வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்ததில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் 2 மாதத்தில் எடை கூடிய நோயாளிகள் பிழைப்பதும் அதிகமாக இருந்தது. சாப்பாடு மாத்திரைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியது. மாத்திரையின் இடத்தில் உட்காரக் கூடாது. அதற்காகத்தான் சிகிச்சைக் காலத்தில் அரசு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்கென்று வங்கிக் கணக்கில் போடுகிறது.

இனி உங்கள் வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, சாயங்காலக் காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்து வந்தாலோ, அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துச் சோதியுங்கள். சோதனையும் 6 மாத மருந்தும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். யாராவது பொடி கொடுத்தால், அவரிடம் மரியாதையாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, இதைச் சாப்பிட்ட எல்லாரையும் எழுதி வச்சிருக்கீங்களா? அதுல எத்தனை பேர் சளியில கிருமி போச்சு, எத்தனை பேர் இறந்தாங்க?" பதில் வரும்வரை காத்திருக்காமல், சளி டப்பாவை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.