உங்களுக்குத் தெரியுமா? கலைடாஸ்கோப்பின் கதை

திருவிழாக் கடைகளில் விற்கும் கலைடாஸ்கோப், ஒளியியல் ஆய்விலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் இதை 1816-இல் உருவாக்கி, 1817-இல் காப்புரிமையும் பெற்றார். பலன்? அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை! விற்பனைக்குத் தயாராகும் முன்பே மாதிரிக் கருவி லண்டன் கண்ணாடிக் கடைக்காரர்கள் கண்ணில் பட்டுவிட, ஆளாளுக்குச் செய்து விற்கத் தொடங்கினார்கள். மூன்றே மாதங்களில் லண்டனிலும் பாரிஸிலும் 2 லட்சம் விற்றதாக புரூஸ்டரே கணக்குச் சொன்னார்.

பழம்பொருள் சேகரிப்பவர்கள் விடாமல் தேடுவது, 1870-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சார்லஸ் புஷ் செய்தவற்றை. மரத்தாங்கியில் நிற்கும் கருப்புக் குழல், முனையில் சுழற்றப் பித்தளைச் சக்கரம். உள்ளே வண்ணக் கண்ணாடித் துண்டுகளோடு, திரவம் நிரப்பிய சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பிகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு காற்றுக்குமிழி. சக்கரத்தை நிறுத்திய பிறகும் குமிழி நகர்ந்துகொண்டிருப்பதால், கோலமும் மாறிக்கொண்டே இருக்கும். கெட்டிக்கார வேலை!

பழைய புஷ் கலைடாஸ்கோப் என்று யாராவது விலை சொன்னால், முதலில் வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றுங்கள். குப்பிகள் உடையாமல் இருக்கின்றனவா, குமிழிகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.